விதானையாரின் இரண்டு இடாப்பு

மூண்டு எண்டு எழுதும் பிள்ளை. இந்த வீட்டில மூண்டு பேர். சிற்றம்பலம், வயசு எழுவத்தாறு. இராசபூபதி, எழுவத்தொண்டு. நிமலரூபன், முப்பத்தெட்டு. எழுதும். ஏன் கையை நிப்பாட்டிப்போட்டு என்ர முகத்தைப் பாக்கிறீர்?

வழமையா இஞ்ச வசிக்கிறவையை மட்டும் தான் எழுதலாமோ? எனக்கே சட்டம் படிப்பிக்கிறீரோ? வழமையா வசிக்கிறவர் எண்டா ஆர் எண்டு பத்து விதானைமாருக்கு வகுப்பு எடுத்தவன் நான். இருபத்தொன்பது வருசம் இந்த முதிரைமோட்டைக்கு நான் தான் விதானை. நீங்கள் இப்ப கிராம அலுவலர் எண்டு சொல்லுறியள். எந்த வீட்டில எத்தினை பேர், எந்த வீட்டு நாய் கடிக்கும் எண்டது வரைக்கும் எனக்குத் தெரியும். இரும். கதிரையில வடிவா இரும். அந்தச் சிலேட்டு மாதிரிச் சாமானை மடியில வையும். என்ர மகன்ர பேரை எழுதாமல் நீர் படலையைத் தாண்டேலாது. இப்பவே சொல்லிப்போட்டன்.

கோவிக்காதையும். உம்மில கோவம் இல்லை. ஆரில எண்டு கேட்டா அதுக்கு ஒரு இடாப்பு எழுதோணும்.

எண்பத்தோராம் ஆண்டு, இப்ப நீர் வந்திருக்கிற மாதிரி வந்து சனத்தை எண்ணினவை. அப்ப நான் புதுசு. தொண்ணூற்றொண்டில ஒருத்தரும் எண்ண வரேல்லை. ரெண்டாயிரத்தொண்டில நாடு முழுக்க எண்ணினமெண்டு சொன்னவை, எங்கட பக்கம் எட்டியும் பாக்கேல்லை. பிறகு கொழும்பில இருந்துகொண்டு ஒரு மதிப்பீடு. மதிப்பீடு எண்டா என்ன தெரியுமோ? கலியாண வீட்டுக்கு வராதவன் பந்தியில எத்தினை இலை விழுந்தது எண்டு சொல்லுறது. கோதாரியில போன கணக்கு. நாங்கள் என்ன, புளியங்கொட்டையோ, குத்துமதிப்பாச் சொல்ல?

ஆனா நான் எண்ணினனான். ஒரு வீடு விடேல்லை. சைக்கிளில போய், மழைக்குச் செருப்பைக் கையில தூக்கிக்கொண்டு போய் எண்ணினனான். ஆத்தில போட்டாலும் அளந்து போடோணும் எண்டு அப்பு சொல்லுவார். நான் அளந்தனான்.

உமக்கு அந்தக் காலம் தெரியாது. எந்த ஊர் நீர்? வவுனியாவோ? அப்ப உம்மட ஊருக்கு வர எங்களுக்குப் பாஸ் வேணும். இஞ்சால இயக்கத்தின்ர தனி நாடு. தனிப் பொலிஸ், தனிக் கோர்ட்டு, தனி வங்கி, எல்லையில தனிச் சோதனை. உலகத்தில ஒருத்தனும் அதை நாடெண்டு சொல்லேல்லை, அது வேற கதை. நேரம் கூடத் தனி. கொழும்பு மணிக்கூட்டை அரை மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிச்சுது, இஞ்ச ஒருத்தரும் தள்ளேல்லை. அரசாங்க அலுவலகம், கச்சேரிக்குப் போகேக்க நான் கொழும்பு நேரத்தைப் பாக்கோணும், திரும்பி வந்தா இயக்க நேரம். எனக்குச் சம்பளம் கொழும்பு, கட்டளை கிளிநொச்சி. ரெண்டு எசமான், ஒரு விதானை. ரெண்டு பேருக்கும் ரெண்டு இடாப்பு, வீட்டுக்கு வீடு பேர் எழுதின பதிவு. கச்சேரிக்கு நீல மட்டை, இயக்கத்துக்குச் சிவப்பு மட்டை.

சமாதான காலத்தில இயக்கத்தின்ர அரசியல் பிரிவில இருந்து எழில்வாணன் எண்டு ஒரு பொடியன் வந்தான். வந்து இந்தக் கதிரையில தான் இருந்தவன், நீர் இருக்கிற இதே கதிரை. "ஐயா, வெளிநாட்டுக்காரர் வருகினம். உங்கட நாட்டில எத்தினை சனம், என்னென்ன இனம் எண்டு கேக்கினம். சனத்தொகை சொல்லத் தெரியாத நாடு என்ன நாடு ஐயா? நீங்கள் தான் எங்களுக்கு எண்ணித் தரோணும்" எண்டான். பிள்ளை, எனக்கு மயிர் சிலிர்த்துது. பொய் சொல்லேல்லை. கச்சேரியில எனக்கு ஒருத்தன் கதிரை இழுத்துப் போட்டதில்லை. இஞ்ச ஒரு நாடு என்னட்டை வந்து தன்ர சனத்தைக் கேக்குது. ரெண்டு மாதம் படுத்து நித்திரை கொள்ளேல்லை நான். ஆயிரத்து நானூற்றுப் பதினாறு பேர். முதிரைமோட்டை மட்டும். இப்ப எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவன்.

இனம் எண்ட நிரலும் இருந்தது. ஓம், உம்மட்டை இருக்கிற மாதிரித் தான். எங்கட ஆக்கள், இலங்கைத் தமிழர், ஆயிரத்து நூற்றுச் சொச்சம். சிங்களம் ஒண்டு, பேக்கரிக்காரன் கட்டின சோமாவதி, எங்களை விட நல்லாத் தமிழ் கதைக்கும். முஸ்லிம், சைபர். முந்தி நாப்பத்திரண்டு குடும்பம் இருந்தது. தொண்ணூறில போயிட்டினம். ஏன் போனவை எண்டோ? இயக்கம் போகச் சொன்னது, போனவை. எண்ண ஆள் இல்லாட்டி சைபர் தானே போடலாம், வேற என்னத்தைப் போடுறது? அதுக்கு அங்கால இந்தியத் தமிழர். இருநூற்று அறுவத்தி மூண்டு. அந்த மேட்டுக் குடியேற்றம் இருக்கெல்லே, இஞ்சயிருந்து போனா வாய்க்காலுக்கு அங்கால. எழுவத்தேழு கலவரத்தில தோட்டங்களில இருந்து அடிபட்டு ஓடிவந்த ஆக்கள். காடு வெட்டி இருந்தவை. நல்ல உழைப்பாளியள், நான் குறை சொல்லேல்லை.

அங்க மாரியாயி எண்டு ஒருத்தி. புருசன் பாம்பு கடிச்சுச் செத்தவன். ரெண்டு பிள்ளையள், ரஞ்சிதமும் அவளுக்கு இளையவன் ஒருத்தனும். நான் எழுதப் போன நேரம் முத்தத்தில கடலை காயப்போட்டுக்கொண்டு இருந்தவள். நான் இனம் எண்ட இடத்தில எழுத, எட்டிப் பாத்தாள். வாசிக்கத் தெரிஞ்சிருக்கு. "ஐயா, அதுல வெறும் தமிழர்னு போடுங்கய்யா" எண்டாள். அப்பிடிப் போடேலாது, உங்கட ஆக்களுக்கு வேற நிரல் எண்டு சொன்னன். அவள் விடேல்லை. "அடிக்கிறப்ப அவனுங்க வேற நிரல்னு பாக்கலீங்களே. தமிழன்னு தானங்க அடிச்சானுங்க" எண்டாள்.

கேட்டீரோ கதையை? விதானைக்கு முன்னால நிண்டு! சட்டம் எண்டா சட்டம். எழுதிப்போட்டு வந்திட்டன்.

சரி, இப்ப நான் சொல்லுறதை வடிவாக் கேளும், இதில தான் எல்லாம் இருக்கு.

ரெண்டாயிரத்தாறு கடைசியில சண்டை திரும்பத் துவங்கிச்சுது. எழில்வாணன் வந்தான். இந்த முறை கதிரையில இருக்கேல்லை. "ஐயா, சிவப்பு மட்டையைப் புதுப்பிச்சுத் தாங்கோ. வீட்டுக்கு வீடு, வயசோட" எண்டு சொல்லிப்போட்டுப் போயிட்டான். என்னத்துக்கு எண்டு எனக்கு விளங்கிச்சுது. பக்கத்துப் பிரிவில முதலே துவங்கியிருந்தது. வீட்டுக்கு ஒருத்தர். இடாப்பில பதினெட்டுக்கு மேல எத்தினை பேர் எண்டு பாத்து, ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு போறது. சனத்தொகை, சனத்தொகை எண்டு என்னட்டைக் கெஞ்சி வாங்கினது இதுக்குத் தான். அறுந்து போவார், என்ர இடாப்பை எடுத்து என்ர ஊரையே அறுத்தாங்கள்!

ஊர்ச் சனம் ஒவ்வொருத்தரா வந்தது. பின் வேலி ஓட்டைக்குள்ளால. "விதானையார், மகள் பருத்தித்துறையில மாமி வீட்டை எண்டு போடுங்கோ." "விதானையார், மூத்தவன் வவுனியாவில படிக்கிறான்." நான் பொய் எழுதுற ஆள் இல்லை. அவை சொன்னதை நான் எழுதினனான். சொல்லுறதை எழுதுறது தானே விதானையின்ர வேலை. சில பேருக்கு என்ன சொல்லோணும் எண்டு தெரியாது, அவைக்கு நான் எடுத்துக் குடுத்தனான், அவ்வளவும் தான். எங்கட ஆக்கள், சொந்தம் பந்தம், சொல்லாமல் விடேலுமோ?

மேட்டுக் குடியேற்றத்துக்கும் போனன். மாரியாயி வீட்டில எத்தினை பேர் எண்டு கேட்டன். "மூணு பேருங்க ஐயா. ரஞ்சிதத்துக்குப் பதினெட்டு முடிஞ்சிருச்சு. பரீட்சைக்குப் படிக்குதுங்க, வாத்தியாரம்மாவா வரணும்னு சொல்லுது" எண்டாள். பெட்டையும் கொப்பியோட வெளியில வந்து சிரிச்சுக்கொண்டு நிண்டது. நான் எழுதினன். மூண்டு. ரஞ்சிதம், பெண், பதினெட்டு.

என்ன பிள்ளை பார்வை இது? ஊரெல்லாம் பொய் சொல்லிச்சுது, இவள் ஒருத்தி உண்மையைச் சொன்னாள். அதுக்கு நானோ பிழை? கேட்டதுக்கு ஒழுங்காப் பதில் சொல்லுறவளிட்டை, உண்மையைச் சொல்லாதை எண்டு நான் எப்பிடிச் சொல்லுறது? எனக்கு என்ன உறவோ, முறையோ?

பத்தாம் நாள் பெட்டையைக் கொண்டு போயிட்டினம். ரியூசனுக்குப் போன வழியில. மாரியாயி அண்டைக்கே வந்து இந்தப் படலைக்கு வெளியில நிண்டவள். உள்ள வரச் சொல்லேல்லை. சாதியைப் பாத்து எண்டு நினையாதையும், எனக்கு அந்த நேரம் வேலை. பின்பக்கம் நிண்டனான். நான் வீட்டில இல்லையெண்டு இவ, என்ர மனிசி, போய்ச் சொன்னவ. எண்டாலும் அவள் போகேல்லை, பொழுது படுமட்டும் நிண்டவள். சத்தம் போடேல்லை, அழேல்லை, சும்மா நிண்டவள். அதைத் தான் என்னால தாங்கேலாமல் இருந்தது. நாலு வார்த்தை ஏசியிருந்தா நானும் ஏசியிருப்பன்.

அந்தக் கிழமை தான் நான் என்ர மகன்ர பேரை வெட்டினது.

ஒரே பிள்ளை. இருவது வயசு. கம்பசுக்கு எடுபட்டு, பாதை பூட்டினதால போகேலாமல் இருந்தவன். வீட்டுக்கு ஒருத்தர் எண்டா இந்த வீட்டில அந்த ஒருத்தர் அவன் தான். சிவப்பு மட்டையில "வவுனியாவில் மாமன் வீட்டில் வசிக்கிறார்" எண்டு எழுதினன். எழுதிப்போட்டு யோசிச்சன், இயக்கம் ரெண்டு இடாப்பையும் ஒத்துப் பாத்தா? பிடிபட்டிடுவன். நீல மட்டையையும் எடுத்தன். அதிலயும் பேரை வெட்டி, அதையே எழுதி, கீழ கையெழுத்து வைச்சு, முத்திரை குத்தி, பிரதியைக் கச்சேரிக்கு அனுப்பினன். எல்லாம் ஒழுங்கு முறைப்படி. என்ர இருபத்தொன்பது வருசத்தில அறிஞ்சு வைச்ச ஒரே பொய்க் கையெழுத்து அது.

ரெண்டு வருசம் நெல்லு அறைக்குள்ள இருந்தான் பிள்ளை. வெயில் படாமல் வெள்ளைக்காரன் மாதிரி ஆகிட்டான். இவ தட்டைக் கொண்டுபோய்க் குடுக்கேக்க வாசலில நிண்டு, "நிமல், குரலைக் குறை" எண்டு சொல்லுவா. அவன் கதைக்கிறதே இல்லை, குறைக்க என்ன இருக்கு?

பிறகு எல்லாரும் ஓடினது தெரியும் தானே. ஊர் ஊரா ஓடி, கடைசியில ஒரு கடற்கரைத் துண்டில முழுச் சனமும். அங்க ஆர் எந்த இனம், ஆர் வாய்க்காலுக்கு அங்கால, ஆர் இஞ்சால? ஒரு பங்கருக்குள்ள எல்லாரும். கடைசி நாள் செல்லடியில நாங்கள் ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். நாங்கள் ஆமியின்ர பக்கம் கடந்து வந்து முகாமில இருந்து ஒவ்வொரு பஸ்ஸாப் பாத்தம். வரேல்லை. ஒரு பஸ்ஸிலயும் வரேல்லை.

காணாமல் போனவையைப் பற்றின விசாரணைக்குப் போனன். எத்தினை விசாரணை, எத்தினை குழு. ஒண்டில, பேர் சொல்ல மாட்டன், ஒரு இளந்தாரி உத்தியோகத்தர், கோட்டு சூட்டு. நான் எல்லாத்தையும் சொன்னன். அவன் ஒரு பைலைத் திறந்தான். பழைய கச்சேரிப் பிரதி, என்ர நீல மட்டை. விரலை வைச்சுக் காட்டினான். "ஐயா, உங்கட மகன் ரெண்டாயிரத்தாறில இருந்து வவுனியாவில எண்டு இருக்கு. இது உங்கட கையெழுத்து தானே?"

ஓம் எண்டன். பொய் எழுதினனான் எண்டன். ஏன் எழுதினனான் எண்டும் சொன்னன். அவன் பேனையை மூடி வைச்சிட்டுக் கேக்கிறான், "அப்ப இதில இருக்கிற மற்ற ஆயிரத்து நானூறு பேரும் உண்மை எண்டு நாங்கள் எப்பிடி நம்புறது?"

பிள்ளை, அந்தக் கேள்வியோட என்ர கதை முடிஞ்சுது. விளங்குதோ உமக்கு? கடைசி நேரம் அங்க எத்தினை சனம் நிண்டது எண்டு உலகமே அடிபட்டுது. ஒருத்தன் இவ்வளவு எண்டான், இன்னொருத்தன் அதில பாதியும் இல்லை எண்டான். நாங்கள் எண்ணி வைச்சிருந்தம்! பேரோட, வயசோட எண்ணி வைச்சிருந்தம்! என்ர ஊரில உயிரோட இருந்தது எத்தினை, திரும்பி வந்தது எத்தினை, கழிச்சுப் பார் எண்டு மேசையில அடிச்சுச் சொல்லக்கூடிய ஒரு கடதாசி என்ர கையில இருந்தது. அதை நானே பொய்க் கடதாசி ஆக்கிப்போட்டன். ஒரு பேருக்காக. அந்தப் பேரும் மிஞ்சேல்லை!

...இல்லை. ஒண்டும் இல்லை.  சொல்லுறன், இரும்.

சாட்சி வேணும் எண்டினம். மகன் அந்தக் கடற்கரையில நிண்டதைக் கண்ட ஆள். ஊர் முழுக்கத் திரிஞ்சன். என்னட்டைப் பொய் எழுதுவிச்ச அத்தினை பேரும் கனடாவிலயும் லண்டனிலயும். ரெலிபோனை எடுக்கினம் இல்லை. கடைசியில ஆரோ சொன்னது, மாரியாயி கண்டவ, அவன் ஆமியின்ர பஸ்ஸில ஏறினதை அவ கண்டவ எண்டு.

போனன். வேற வழி? அதே முத்தம், அதே மாதிரிக் கடலை காயுது. நான் படலைக்கு வெளியில நிண்டன். அவ எழும்பி வந்து, "உள்ள வாங்கய்யா" எண்டா. ஒரு கதிரையைத் துடைச்சுப் போட்டா.

வந்தவ பிள்ளை. ரெண்டு பஸ் மாறி என்னோட வந்து, அந்தக் கோட்டுக்காரனுக்கு முன்னால நிண்டு சொன்னவ. "நான் பாத்தேங்க. ஐயாவோட பையன். வெள்ளவெளேர்னு இருந்துச்சு. பஸ்ல ஏறுறப்ப, அம்மாகிட்ட சொல்லுங்கன்னு சொல்லிட்டுப் போச்சு." எழுதினாங்கள். எழுதி எங்க வைச்சாங்களோ. அதுவும் ஏழு வருசமாச்சு.

திரும்பி வரேக்க பஸ்ஸில கேட்டன், ரஞ்சிதத்தைப் பற்றி ஏன் ஒண்டும் சொல்லேல்லை, பதியேல்லை எண்டு. ஜன்னலுக்கு வெளியில பாத்துக்கொண்டு சொன்னா. "சண்டையில செத்த அவள ஒரு புதைகுழியில வச்சாங்க, சேதி வந்துச்சு, அது முடிஞ்சுதுங்க ஐயா. நீங்க எழுதின பேரக் கொண்டு போனாங்க. எழுதாத பேர இல்லவே இல்லைங்கிறாங்க. ஒங்க எழுத்துல என்னங்கய்யா இருக்கு?"

என்னைப் பாத்துக் கேக்கிறா! இருபத்தொன்பது வருசம் விதானையா இருந்தவனைப் பாத்து! எழும்பி முன் சீற்றில போய் இருந்தனான்.  

அதால தான் சொல்லுறன், எழுதும். மூண்டு எண்டு எழுதும். அரசாங்கத்தின்ர கணக்கில அவன்ர பேர் ஒருக்கா, ஒரேயொருக்கா ஏறட்டும். வெட்டினவன் நான், திருப்பிப் போடச் சொல்லுறவனும் நான். நிமலரூபன். ஆண். முப்பத்தெட்டு. இதில என்ன கஷ்டம் உமக்கு? அமத்தும் அந்தப் பொத்தானை!

என்ன இராசபூபதி? நீ ஏன் வெளியில வாறாய்? நான் கதைச்சுக்கொண்டு எல்லோ இருக்கிறன்.

...கேட்டீரோ பிள்ளை இவ சொல்லுறதை? கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு சொல்லுறா. "ரெண்டு எண்டு எழுதிக்கொண்டு போம் பிள்ளை. அவன் இந்த வீட்டுக்குள்ள மூச்சோட இருக்கேக்க இல்லையெண்டு எழுதினவர். இப்ப இல்லாத நேரம் இருக்கிறான் எண்டு எழுதப் போறாராமோ?" அவ்வளவும் தான். உள்ள போயிட்டா. பதினெட்டு வருசத்தில இதைப் பற்றி அவ வாய் திறந்தது இண்டைக்குத் தான்.

எழுதும். ரெண்டு. ம்... அமத்தியாச்சோ? ஒருக்கா வாசிச்சுக் காட்டும். சிற்றம்பலம், இராசபூபதி. ஓம், சரி. கணக்குச் சரி.

எழும்பீற்றீரோ? அடுத்தது எந்தப் பக்கம்? வாய்க்காலுக்கு அங்காலயோ? அப்ப முதல் வீடு மாரியாயின்ர தான். கவனமாப் போம், பாலம் உடைஞ்சு கிடக்கு. இனம் எண்டு வரேக்க அவ என்ன சொல்லுறாவோ அதை எழுதும். நீர் சொல்லிக் குடுக்காதையும்.

பிள்ளை, நில்லும். இன்னொண்டு. இந்த வீட்டில எத்தினை பேர் எண்டு கேக்க முதல், என்னத்துக்குக் கேக்கிறீர், ஆரிட்டைப் போகும் எண்டதை முதல் அவவுக்குச் சொல்லும். அவ உண்மையைத் தான் சொல்லுவா.

அண்டைக்கு நான் சொல்லேல்லை.